துருப்பிடித்த பழைய காரில் வெல்டிங்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பழைய கார் ஒன்றை மீட்டெடுக்கும்போதே வெல்டிங்கும் கற்றுக்கொள்பவர்கள், ஏதாவது தப்பாகப் போனால் முதலில் கை வைப்பது மெஷினில் இருக்கும் குமிழில்தான். வோல்டேஜைக் கூட்டுவார்கள், வயர் வேகத்தைக் குறைப்பார்கள், அப்புறம் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் நிற்பார்கள். கார் பாடி வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை டார்ச்சை, அதாவது கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கியை, அழுத்துவதற்கு முன்பே தகட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் தகடு, எர்த், கேஸ் என்று பார்க்க வேண்டியதை முதலில் சொல்லி, குமிழைக் கடைசியாகவே வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் மிக் வெல்டிங்குக்கானது; அதில் டார்ச் வழியாக வயர் தானாக வந்து உருகும், கூடவே வரும் கேஸ் வெளிக்காற்று படாமல் காக்கும். பழைய கார்களின் பாடித் தகடு பொதுவாக 0.8 முதல் 1.2 மி.மீ. கனம். அதற்கு 0.6 மி.மீ. வயரும், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸும் தோதானவை. வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் வேலை நடக்கும். ஆனால் சூடு அதிகம், தெறிப்பும் அதிகம். மெல்லிய தகட்டில் பழகுகிறவருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரிலிருந்து வெட்டி எடுத்த பழைய துண்டில் நல்ல பகுதியைச் சுத்தம் செய்து, அதில் முதலில் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கிய 2 மி.மீ. தகட்டில் அழகாக வந்த செட்டிங் காரின் மட்கார்டில் நேராக ஓட்டை போடும். போட்டு முடித்ததும் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் ஏமாற்றும், பின்பக்கம் ஏமாற்றாது.

வெல்டிங் முழுக்க ஊசி ஓட்டையாக இருக்கிறது

முதலில் கேஸ் வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வால்வு மூடியே இருப்பது, ரெகுலேட்டரில் காட்டும் அழுத்தம் டார்ச் வரை வராமல் குழாய் இணைப்பில் கசிவது, இரண்டும் சர்வ சாதாரணம். டார்ச்சை அழுத்தினால் அதன் முனைக்குழாயான நாசிலில் காற்று வரும் ஓசை கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர் போதும். ஓட்டை வருகிறது என்று 20க்கு மேல் ஏற்றினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். கோளாறு கூடத்தான் செய்யும்.

அடுத்தது நாசிலின் உட்புறம். தெறித்த உலோகம் அங்கே ஒட்டி வளைய வளையமாகச் சேர்ந்திருந்தால் கேஸ் ஒரு பக்கமாகத்தான் வரும். சுரண்டி எடுங்கள். மின்விசிறி ஓடுகிறதா, கதவு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லேசான காற்றே கேஸ் போர்வையைக் கலைக்கப் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டை வந்தால் தகடு சுத்தமாக இல்லை என்று அர்த்தம். மேல்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பின்பக்கத்தில் பழைய பெயிண்ட், தார் பூச்சு, கிரீஸ் என்று அப்படியே விட்டிருப்போம். தகடு உருகும்போது அந்த அழுக்கு ஆவியாகி, உருகிய குழம்பு வழியாகத்தான் வெளியே வரும். வெல்டிங் கோட்டின் இரு புறமும் குறைந்தது 25 மி.மீ. அகலத்துக்கு, இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகடாக இருந்தால் அதையும் தேய்த்தெடுக்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். இரும்பு இளகுவதற்குள் துத்தநாகம் வெடித்துக் கிளம்புவதால்தான் அவ்வளவு தெறிப்பு. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டமும் அதற்குரிய முகமூடியும் கட்டாயம்.

பழைய கார்களில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கும். தொழிற்சாலையிலேயே சில ஜாயின்ட்டுகளை ஈயம் வைத்து நிரப்பியிருப்பார்கள். பெயிண்டைச் சுரண்டியதும் மங்கலான சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலே கோடு விழும் உலோகம் தெரிந்தால் அது ஈயம். அதன் மேல் வெல்டிங் ஒருபோதும் பிடிக்காது. கிரைண்டரால் தேய்க்காதீர்கள், தூசி விஷம். முகமூடி போட்டுக்கொண்டு, மெல்லிய சூட்டில் இளக்கித் துடைத்தெடுங்கள்.

சுத்தம் செய்ய எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் செய்யப்போகும் இடத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். கொஞ்சம்தானே என்று இதில் விடவே கூடாது.

கண் முன்னாலேயே தகடு உருகி ஓட்டை விழுகிறது, அடைக்க அடைக்கப் பெரிதாகிறது

துருப்பிடித்த காரில் வெல்டிங் கற்பவர்களை அதிகம் சோர்வடைய வைப்பது இதுதான். சுண்டு விரல் அளவு ஓட்டையை அடைக்கப்போய் உள்ளங்கை அளவுக்கு வந்து நிற்கும். கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அநேகமாகக் கையில் கோளாறு இருக்காது.

துரு ஒரு வட்டத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைச் சுற்றித் தகடு படிப்படியாக மெலிந்திருக்கும். வெளியே 1 மி.மீ. போலத் தெரிவது உள்ளே பாதியாகவோ கால்வாசியாகவோ இருக்கலாம். அந்த விளிம்பில் எந்தச் செட்டிங் வைத்தாலும் ஓட்டைதான் விழும். எங்கே நல்ல தகடு ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சின்னச் சுத்தியல் போதும். ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். துரு தின்ற இடத்தில் 'டொக்' என்று செத்த ஓசை வரும், சில இடத்தில் சுத்தியலின் தடம் குழியாகவே பதியும். திடீரென்று ஓரிடத்தில் 'டங்' என்று மணி மாதிரி கேட்கும், சுத்தியலும் லேசாக எம்பும். அங்கே மார்க்கரால் புள்ளி வையுங்கள். எல்லாத் திசையிலும் புள்ளி வைத்துச் சேர்த்தால் வருவதுதான் உண்மையான ஓட்டை. அதற்கும் வெளியே ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.

பெரிதாக வெட்ட மனசு வராது என்பது தெரியும். ஆனால் பெரிய ஒட்டு ஒன்றை நல்ல தகட்டில் வைப்பது, சின்ன ஒட்டு நான்கை அரித்த தகட்டில் வைப்பதைவிட எளிது, சீக்கிரமும் முடியும். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலையில் சூடு குவியும், இழுவிசையும் அங்கேதான் சேரும்.

நல்ல தகட்டிலும் ஓட்டை விழுந்தால் இடைவெளியைப் பாருங்கள். பட் ஜாயின்ட்டில், அதாவது தகடும் தகடும் முகத்துக்கு முகம் நிற்கும்போது, இடைவெளி தகட்டின் கனத்தைத் தாண்டக் கூடாது. 1 மி.மீ. தகட்டுக்கு 1 மி.மீ.க்குள். ஓரிடத்தில் 3 மி.மீ. திறந்திருந்தால் அதைக் கம்பியை உருக்கி நிரப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒட்டை மறுபடி வெட்டிப் பொருத்துங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் பின்னால் தடித்த செம்புத் தகட்டை இறுக்கி வைத்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும், உருகிய இரும்பும் அதில் ஒட்டாது.

கடைசியாகத்தான் நுட்பம். கார் தகட்டில் கோடாக இழுத்துப் போடக் கூடாது. ஒரு பாயிண்ட், நிறுத்தம், இன்னொரு பாயிண்ட். டார்ச்சை அழுத்தினால் ஒரு விநாடிக்கும் குறைவு. செக்கச் சிவந்த புள்ளி கறுத்து அடங்கிய பிறகே அதன் பக்கத்தில் அடுத்தது.

மேலே மேடாக நிற்கிறது, பின்பக்கம் ஒன்றுமே இல்லை

திருப்பிப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். சரியாக உருகிய பாயிண்டின் பின்பக்கம் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், சுற்றி நீலமும் பழுப்புமாகச் சூட்டு வளையம். மேடு மட்டும் இருந்து, பின்பக்கம் லேசான நிறமாற்றத்தோடு நின்றுவிட்டால் வயர் மேலே ஒட்டியிருக்கிறதே தவிர தகடு உருகவில்லை. கிரைண்டரில் தேய்த்ததும் ஜாயின்ட்டின் கோடு மறுபடி தெரியும்.

ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வோல்டேஜை ரொம்பக் குறைத்து, வயர் வேகத்தை அப்படியே விடுவதால் வருவது இது. வோல்டேஜை ஒரு படி கூட்டுங்கள், நேரத்தைக் குறையுங்கள். அதிக சூடு, குறைந்த நேரம் என்பதுதான் மெல்லிய தகட்டுக்கு ஒத்துவரும். வயர் வெளியே வரும் டிப்பிலிருந்து தகட்டுக்கு உள்ள தூரமும் பாருங்கள். 6 முதல் 10 மி.மீ. நல்லது. கை தளர்ந்து தூரம் கூடக்கூடச் சூடு குறையும்.

ஆர்க் திக்கித் திக்கி எரிகிறது

சீரான ஆர்க்குக்குச் 'சர்ர்ர்' என்ற ஒரே ஓசை. 'பட்... பட்... படபட' என்று வந்தால், எர்த் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயிண்ட் மேலோ துரு மேலோ கடித்திருந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே, தேய்த்த வெறும் இரும்பில் மாட்டுங்கள். கதவுக்கு வேலை செய்யும்போது பாடியில் எர்த் கொடுத்தால் கரன்ட் கீல் வழியாகத்தான் போயாக வேண்டும். அது கீலுக்கும் கெடுதல், ஆர்க்குக்கும் கெடுதல்.

எர்த் சரி என்றால் வயர் வரும் பாதை. டிப்பின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கலாம், 0.6 வயருக்கு 0.8 டிப் மாட்டியிருக்கலாம். கேபிளுக்குள் வயர் ஓடும் லைனருக்குள் தூசி சேர்ந்திருக்கலாம். டார்ச் கேபிள் காருக்கு அடியில் வளைந்து நெளிந்து கிடந்தாலும் மெல்லிய வயர் சிக்கும். வயர் ரோலரைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டால், டிப் அடைத்திருக்கிறது அல்லது ரோலரை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறோம். ஈரத்தில் கிடந்து துருவேறிய வயர் சுருளைத் தூக்கிப் போடுவதே மேல்.

கேஸ் இல்லாமல் போடும், உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் வயரிலிருந்து சாதா வயருக்கு மாறியவர்கள் மெஷினின் உள்ளே போலாரிட்டியையும் மாற்ற வேண்டும். கேஸோடு போடும் சாதா வயருக்கு டார்ச் பாசிட்டிவ். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயருக்கு டார்ச் நெகட்டிவ். இது மாறியிருந்தால் எந்தக் குமிழைத் திருப்பினாலும் தெறிப்பு குறையாது.

தகடு நெளிந்துவிட்டது, அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறது

கதவின் வெளித்தகடு, பானெட், மட்கார்டின் பக்கவாட்டு என்று அகலமான, சமமான பகுதிகளில் இது வரும். சூட்டில் விரிந்த தகடு ஆறும்போது முன்பு இருந்ததைவிடச் சுருங்கும். வெல்டிங் கோடு சுருங்கினால் அதைச் சுற்றியுள்ள தகடு போக இடமில்லாமல் புடைக்கும். புடைத்த இடத்தை அடித்துச் சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. சுருங்கிய இடம் வெல்டிங் கோடு. அதைத்தான் நீட்ட வேண்டும்.

முதலில் வெல்டிங் மேட்டை இரு பக்கமும் தகட்டு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரை தேயுங்கள். பின்பக்கம் டாலியை (கையடக்கமான இரும்புக் கட்டி) வெல்டிங் கோட்டின் மேலேயே அழுத்திப் பிடித்து, முன்பக்கம் அதே இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். உலோகம் சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவே நசுங்கி அகலும். ஓங்கி அடிக்க வேண்டாம். நாலைந்து தட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது, மறுபடி நாலைந்து தட்டு. கண்ணுக்குத் தெரியாத அலையும் கைக்குத் தெரியும்; மெல்லிய துணியுறை போட்டுக்கொண்டு தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும். புடைப்பு தானாக அடங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போதுதான் டிங்கரிங் வேலை செய்பவர்களின் திறமை மீது உண்மையான மரியாதை வருகிறது.

எல்லாப் பக்கமும் மூடி, டாலி நுழைய வழியில்லாத பெட்டிப் பகுதியில் இந்த வைத்தியம் செல்லாது. அதனால் வெட்டும் முன்பே யோசிக்க வேண்டும். ஜாயின்ட் கோட்டைச் சமமான பரப்பின் நடுவில் வைக்காமல், வளைவுக்கோ மடிப்புக்கோ பக்கமாகத் தள்ளி வையுங்கள். மடிப்பு தகட்டுக்கு விறைப்பு கொடுக்கும், நெளிவு குறையும். டாக், அதாவது ஒட்டைப் பிடித்து நிறுத்தும் முதல் பாயிண்டுகள், வைக்கும்போது ஒரு முனை, மறு முனை, நடு, அப்புறம் அந்தப் பாதிகளின் நடு என்று தாண்டித் தாண்டி வையுங்கள். கை வைத்துப் பார்த்தால் சுடாத இடத்தில்தான் அடுத்த பாயிண்ட். கிரைண்டரும் இதே அளவு நெளிக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்து நீல நிறம் வந்தால், வெல்டிங்கில் காப்பாற்றியதைத் தேய்ப்பில் கெடுத்துவிட்டோம்.

துளை வழியாக வைத்த பாயிண்ட் பெயர்ந்து வருகிறது

தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் செய்த விளிம்புகளுக்கு மாற்றாக, மேல் தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு அதை நிரப்புகிறோம். பெயர்ந்து வரும் பாயிண்டைப் பாருங்கள்: துளை வட்டமாக நிரம்பியிருக்கும், அடித்தகட்டில் வெறும் கறை இருக்கும். ஆர்க்கைத் துளையின் விளிம்பில் ஆரம்பித்ததால் வருவது. அடித்தகட்டின் நடுவில் ஆரம்பித்து, அது உருகியதும் வட்டமாக வெளிப்பக்கம் வாருங்கள். இரண்டு தகடும் ஒட்டி உட்காரக் கிளாம்ப்பைத் துளைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இங்கே சாதாரண ஒட்டுக்கு வைப்பதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். சோதனைத் துண்டில் போட்டு உளியால் பிளந்து பாருங்கள். பாயிண்ட் நிற்க, சுற்றியுள்ள தகடு கிழிந்தால் தேறியது.

புதுப் பேனல் உட்காரவே மாட்டேன் என்கிறது

மாற்றுப் பேனல்கள் அப்படியே வந்து பொருந்துவது அபூர்வம். ஆனாலும் உடனே வெட்டாதீர்கள். பழைய விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கின் மிச்சம் மேடாக இருக்கிறதா, பழைய ஒட்டு ஏதாவது தள்ளிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே சேர்ந்த துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுவே விளிம்பை வளைத்திருக்கலாம். கிளாம்ப், ஸ்க்ரூ வைத்துத் தற்காலிகமாக மாட்டி, கதவையும் மட்கார்டையும் அதனதன் இடத்தில் பொருத்தி, இடைவெளிகளைப் பார்த்த பிறகே எங்கே வெட்டுவது என்று முடிவெடுங்கள்.

சில் பேனல் மாற்றியபின் கதவு மூடவில்லை

இதை மட்டும் வந்தபின் சரிசெய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிதான் சில் பேனல்; அது தனிச் சேஸ் இல்லாத கார்களில் முதுகெலும்பு. 1962-இல் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர் போன்ற கூரையில்லாத வண்டிகளில் விறைப்பின் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் அந்த இடத்தில் ஹீட்டருக்கான சூடான காற்று போகும் பெட்டி இருக்கும். அதை அறுத்தாலும் கதவு வாசல் அசையும். அரித்த சில் பேனலை அறுத்ததும் பாடி நடுவில் தொய்யும். அந்த நிலையிலேயே புதியதை வெல்டிங் செய்தால், தொய்வை நிரந்தரமாக்கிவிட்டோம்.

கதவு மேலே உரசி, கீழே இடைவெளி விரிந்திருந்தால் நடு இறங்கியிருக்கிறது. டாக் மட்டும் வைத்த நிலையில் இது தெரிந்தால் தப்பித்தீர்கள். டாக்குகளை அறுத்து, ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி, கதவு இடைவெளி சீராகும் இடத்தில் நிறுத்தி மறுபடி டாக் வையுங்கள். முழுதும் வெல்டிங் செய்த பின் தெரிந்தால், சில் பேனலை மறுபடி அறுத்தெடுப்பதுதான் வழி. கீலை வளைத்தோ கதவு விளிம்பைத் தேய்த்தோ சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கதவு மறுபடி உரசும்.

அறுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை: கதவு வாசலின் கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கத்துக்குக் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்யுங்கள், இயன்றால் மூலைவிட்டமாகவும் ஒன்று. பாடியைச் சக்கரம் தாங்கும் இடங்களில் நிறுத்துங்கள்; நடுவிலோ முனையிலோ தூக்கி வைக்க வேண்டாம். வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாடியிலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முழுதும் முடிந்த பிறகே மறுபக்கத்தை அறுக்கத் தொடங்குங்கள்.

வேலை நடுவில் புகை, ரப்பர் கருகும் நாற்றம்

நிறுத்துங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை டார்ச்சைத் தொடாதீர்கள். தகட்டுக்குப் பின்னால் தார்ப் பூச்சு, கம்பளம், ஒயரிங், பழைய மெழுகு என்று எரியக்கூடியவை பல. பெட்டிப் பகுதிக்குள் நெருப்பு வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். தீயணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடித்த பின் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் காரில் இருக்கும்போது அதன் அருகே வெல்டிங் கிடையாது. காலி டேங்க்கின் ஆவி, நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்து. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் பதிந்து நிற்கும், மூடி வையுங்கள்.

தேய்த்த பிறகு வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல்

மட்டமாக வர வேண்டும் என்ற ஆசையில் வெல்டிங்கோடு பக்கத்துத் தகட்டையும் தேய்த்து மெலிதாக்கியதன் விளைவு. மிக் வெல்டிங் சுற்றியுள்ள தகட்டைவிடக் கடினமானது, அதனால் டிஸ்க் வழுக்கி மென்மையான பக்கத்தைத்தான் தின்னும். மெல்லிய கட்டிங் வீலின் விளிம்பால் மேட்டை மட்டும் முதலில் குறைத்து, அப்புறம் உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க்கில் முடியுங்கள். ஏற்கெனவே விரிந்துவிட்டால் அதன் மேலேயே வெல்டிங் ஓட்டாமல், மெலிந்த பட்டையை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு வையுங்கள்.

பெயிண்ட் அடித்துச் சில மாதத்தில் கொப்புளம்

கொப்புளம் வெல்டிங் கோட்டின் மேலேயே வரிசையாக வந்தால், ஊசி ஓட்டை வழியாக உள்பக்க ஈரம் பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டியை எட்டியிருக்கிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதை வைத்து ஓட்டையை அடைப்பது பலிக்காது. பட்டி பூசும் முன் பின்னால் விளக்கைப் பிடித்து, இருட்டில் முன்னாலிருந்து பாருங்கள். ஒளிப் புள்ளி தெரியும் இடமெல்லாம் மறுபடி ஒரு பாயிண்ட்.

கொப்புளம் கோட்டை விட்டுத் தள்ளி, விளிம்பின் மடிப்பில் வந்தால் தகடுகளுக்கு நடுவே வெறும் இரும்பு இருந்திருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்று படியும் பரப்புகளுக்கு, கிளாம்ப் போடும் முன்பே வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். பாயிண்ட் விழும் துளைக்குள் மட்டும் சுரண்டிவிடுங்கள். ஒட்டு வேலைக்கு நான் எப்போதும் பட் ஜாயின்ட்டையே விரும்புவதற்கும் இதுதான் காரணம். மேலே படியும் ஜாயின்ட் போட எளிது, ஆனால் தண்ணீர் தங்க ஒரு மடிப்பை நாமே செய்து கொடுக்கிறோம்.

பெட்டிப் பகுதிகளின் உட்புறத்தில் வெல்டிங் சூடு எல்லாப் பிரைமரையும் எரித்திருக்கும். பெயிண்ட் வேலை முழுதும் முடிந்தபின், நீளமான குழாய் மாட்டிய ஸ்ப்ரேயால் உள்ளே மெழுகுப் பூச்சு அடியுங்கள். குழாயைக் கடைசி வரை நுழைத்து, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே அடித்தால் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். அடித்து முடித்ததும் சில் பேனலின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மெழுகு அவற்றையும் சேர்த்து அடைத்திருக்கும்.